தூசி தானாகவே இறங்கிவிடும்

அன்று காலையும் ரொட்டி வேகாமல்தான் வந்திருந்தது. மேலே சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பு, உள்ளே ஒரே பசை. விரலால் அழுத்தினால் அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது.

"தெருமுனை பேக்கரில புதுசா எவனோ வந்திருக்கான் போல. அடுப்பத் தூரத்துல இருந்து காட்டிட்டு எடுத்துடுறான்," என்ற தம்பி, ஒரு துண்டைப் பிட்டு அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டினான். "தார்ல குத்திப் பாக்குற உன் ஊசிய இதுல இறக்கிப் பாரேன்க்கா. அடி வரைக்கும் போயிடும்."

"சாப்பிடுறதுன்னா சாப்பிடு, இல்லன்னா நீயே சுட்டுக்கோ. நீதான் பெரிய பர்னர் ஆபரேட்டராச்சே."

"விடிஞ்சா போதும், உங்க ரெண்டு பேரு சண்டைதான்," என்றாள் அம்மா, தன் பங்கு ரொட்டியைத் தேநீரில் முக்கிக் கரைத்தபடி. கரைத்துக் குடித்தால்தான் அது தொண்டையில் இறங்கும் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கம்பெனி. சாலை போடுகிற கம்பெனி. தம்பி தார்க்கலவை ஆலையில் பர்னரைப் பார்த்துக்கொள்கிறவன். ஜல்லியையும் தாரையும் எவ்வளவு சூட்டில் கலப்பது என்பது அவன் கையில் இருந்தது. அக்கா அதே வளாகத்தின் மூலையில் இருந்த சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் சண்டை போட்டுப் பார்த்து அலுத்து விட்டுவிட்டாள்.

தம்பிக்கு அந்த நாற்காலி கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு ஜல்லி அள்ளிப் போடும் லோடர் வண்டியை ஓட்டிக்கொண்டு, முதுகுவலி முதுகுவலி என்று வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தான். நாற்காலியில் முன்பு இருந்தவர் விசில் அண்ணன். பர்னர் முன்னால் உட்கார்ந்தால் நாள் பூராவும் சீட்டியடித்துக்கொண்டே இருப்பார், அதனால் அந்தப் பெயர். அவர் கலந்து அனுப்பிய சரக்கில் போட்ட சாலை வெடித்ததும், தார் கருகியிருக்கிறது என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கருகியிருக்கிறது என்று சோதித்துச் சொன்னது லேப் அக்கா.

அதெல்லாம் முடிந்த கதை என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் சோதனைக்கூடத்துக் கதவைத் திறக்கும்போதே மேலாளர் உள்ளே நுழைந்தார். அவர் வாயைத் திறந்தால் முதலில் வருவது 'அவசரம்' என்ற சொல். கழிப்பறையில் பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் அவருக்கு அவசரம்தான். கையில் ஒரு சாக்கு. அதிலிருந்து உருளை உருளையாக வெட்டியெடுத்த சாலைத் துண்டுகளை மேசைமேல் வைத்தார்.

"அவசரம்மா. போன மாசம் போட்ட ரோடு, அதுக்குள்ள பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. மேலிடத்துல என்னக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க. தாரப் பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அவள் துண்டுகளைத் தொடவில்லை. "போன மாசம்னா அது என் தம்பி ஓட்டுன சரக்கு சார். நான் சோதிச்சா நல்லாவா இருக்கும்? வெளியில எங்கயாவது குடுங்க."

"வெளியில குடுத்தா வர்றதுக்கு ஒரு யுகம் ஆகும். நீங்க நேர்மையானவங்கன்னு ஊருக்கே தெரியும்மா. உங்க மேல யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

பாராட்டுவது போலப் பாராட்டி வேலையைத் தலையில் கட்டுவதில் இந்த மனிதரை யாரும் மிஞ்ச முடியாது. அவள் ஓர் உருளையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது, விரலில் சேறு ஒட்டியது.

"அடியில ஈரமா இருக்கே சார்."

"வெட்டுற மெஷின்ல தண்ணி விட்டுத்தானேம்மா வெட்டுறாங்க. ஈரமாத்தான் இருக்கும். நீங்க தார மட்டும் பாருங்க. கெட்டியாயிருந்தா கருக்கிட்டான்னு அர்த்தம். அவ்வளவுதான். போன தடவை மாதிரியே."

போன தடவை மாதிரியே என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. தார் கெட்டியென்று வந்தால் தம்பி வீட்டுக்குப் போவான். விசில் அண்ணன் போன அதே வாசல் வழியாக.

போட்ட சாலையிலிருந்து தாரைத் திரும்பப் பிரித்தெடுப்பது மாதிரி ஒரு வெறுப்பான வேலை உலகத்தில் கிடையாது. சூட்டில் சேர்ந்து இறுகிப்போன ஜல்லி, மணல், கல்தூசி, தார் எல்லாவற்றையும் மறுபடி தனித்தனியாக்க வேண்டும். துண்டுகளை லேசாகச் சூடாக்கி உதிர்க்க வேண்டும். உதிர்த்ததை ஒரு கனத்த கிண்ணத்தில் போட்டு, கரைப்பானை ஊற்றி ஊறவைத்து, விளிம்பில் வடிதாள் வளையம் வைத்து மூடி, இயந்திரத்தில் சுழற்ற வேண்டும். தார் கரைந்து கறுப்புத் தண்ணீராய் வெளியே வரும், கல் உள்ளே நிற்கும். மறுபடி ஊற்று, மறுபடி சுழற்று. வருகிற தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வரும் வரை விடிவு கிடையாது. கரைப்பானின் நெடி தலைமுடியில் ஏறினால் எத்தனை தடவை குளித்தாலும் போகாது. புகையை வெளியே இழுக்க வேண்டிய காற்றாடி ஓடாமல் நின்று எவ்வளவோ காலமாகிறது. எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து அவள் கைதான் ஓய்ந்தது. அது மட்டும் யாருக்கும் அவசரம் இல்லை.

வடிதாளையும் ஏமாற்றிவிட்டு மாவு போன்ற கல்தூசி கறுப்புத் தண்ணீரோடு வந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் அதிவேகமாகச் சுற்றுகிற சின்ன இயந்திரம் ஒன்று உண்டு. உண்டு என்றால், இருந்தது. விசில் அண்ணன் விவகாரத்துக்கும் முன்பே அது பழுதாகி ரிப்பேர் கடைக்குப் போய்விட்டது. அப்போது அவள் கேட்டதற்கு மேலாளர் சொன்ன வழி ரொம்ப எளிமையானது.

"ராத்திரி முழுக்க ஆடாம அசையாம அப்படியே வைங்க. தூசி தானாகவே இறங்கிடும். காலையில மேலாக ஊத்தி எடுத்துக்குங்க."

முதல் தடவை அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்தடுத்த தடவைகளில் கேட்டுவிட்டது. இந்தத் தடவையும் குடுவையை இரவு முழுக்க வைத்து, காலையில் மேலாக ஊற்றினாள். அதைக் காய்ச்சும் கருவியில் கட்டினாள். சுடு எண்ணெயில் குடுவை சுழன்றுகொண்டே இருக்கும். கரைப்பான் ஆவியாகி அந்தப் பக்கம் போகும், தார் மட்டும் அடியில் தங்கும். தங்கிய தாரைச் சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவைத்து, ஊசியை வைத்து விட்டாள். தார் இளக்கமாக இருந்தால் ஊசி ஆழமாக இறங்கும். கருகிய தார் என்றால் இறங்காது.

ஊசி இறங்கவில்லை. ஏதோ பேருக்கு ஒரு கீறல் விட்டு நின்றுவிட்டது.

இடத்தை மாற்றி வைத்தாள். அங்கும் அதே கதைதான். அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சனியன், எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பர்னர் முன்னால உக்காந்தா போனை நோண்டாதேன்னு! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி வந்து நின்றான். "என்னாச்சுக்கா?"

"உள்ள வராத. நீ இங்க வந்தேன்னு தெரிஞ்சா என் பேரும் சேர்ந்து நாறும்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கெட்டியா இருக்கா? சத்தியமா நான் சூட்ட ஏத்தலக்கா."

"விசில் அண்ணனும் இதத்தான் சொன்னாரு."

"அவரும் நானும் ஒன்னா?" என்று கத்தியவனின் கை சும்மா இருந்ததா? சின்ன வயதிலிருந்தே அந்தக் கை சும்மா இருந்ததில்லை. டப்பாவின் விளிம்பில் இருந்த தாரைக் கிள்ளி எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்ட ஆரம்பித்தான்.

"டேய்! சோதனைப் பொருள்ல கைய வைக்கிற! அறிவிருக்கா உனக்கு? வெளிய போடா முதல்ல!"

"போறேன், போறேன். என்னமோ பெரிய தங்கம் மாதிரி. மணலாட்டம் கரகரங்குது, இதப்போய்..." அவன் உருண்டையை மேசையில் விசிறிவிட்டு விறுவிறுவென்று போனான்.

அவள் அவன் முதுகைப் பார்த்து இன்னும் இரண்டு வசவு வைதாள். மூன்றாவது வசவு வாயிலேயே நின்றுவிட்டது.

கரகரங்குதா?

உருண்டையை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, இன்னொரு கண்ணாடியால் தேய்த்தாள். நற நறவென்று சத்தம் கேட்டது. சுத்தமான தார் ஏன் சத்தம் போடப் போகிறது?

கொஞ்சம் தாரை எடை பார்த்து ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்து, உலைக்குள் தள்ளினாள். தார் எரிந்தால் சுவடு தெரியாமல் போக வேண்டும். உலையைத் திறந்து, ஆறவைத்து, கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெளிர்சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படிவு. கல்தூசிதான். ஊசியைத் தடுத்து நிறுத்தியது இதுதான். தூசி தானாக இறங்கவே இல்லை. அவள்தான் அதைப் பத்திரமாகக் காய்ச்சித் தாருக்குள் அடைத்து வைத்திருக்கிறாள்.

தலையில் அடித்துக்கொண்டு ரிப்பேர் கடைக்கு போன் போட்டாள்.

"அந்த மெஷினா? அது எப்பவோ ரெடிம்மா. யாருமே வந்து எடுத்துட்டுப் போகல. இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது."

அன்றைக்கே போய், ஒரு ஆட்டோவில் அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு தானே தூக்கி வந்தாள். ஓட்டுநர் குழந்தையா என்று எட்டிப் பார்த்தார். ஆமாம், வளர்க்கத் தெரியாம விட்ட குழந்தை என்றாள்.

மீதி வைத்திருந்த துண்டுகளில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஊறவைத்து, சுழற்றி, கழுவி, பிறகு கறுப்புத் தண்ணீரைச் சின்ன இயந்திரத்தில் விட்டாள். அது சுற்றி நின்றபோது அதன் சோதனைக் குழாய்களின் அடியில் களிமண் போல ஒரு கட்டி. மேலே இருந்ததைக் காய்ச்சி, ஆறவைத்து, ஊசியை விட்டாள். ஊசி சுகமாக இறங்கியது. அளவைப் படித்துப் பார்த்தாள். தாரில் ஒரு குறையும் இல்லை. தம்பி எதையும் கருக்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனை போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் போட்ட கூச்சலில் காது அடைத்தது. "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்றான். பிறகு சத்தம் குறைந்து, "ரொம்ப தேங்க்ஸ்க்கா," என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதிசயம்.

சிரித்துக்கொண்டே மேசையைத் துடைக்கும்போதுதான் அவள் கண் அலமாரிக்குப் போனது. சோதித்து மிஞ்சியதை எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் அங்கேதான் அடுக்கி வைப்பாள். பின்வரிசையில், விசில் அண்ணன் சரக்கிலிருந்து பிரித்தெடுத்த தார் இருந்தது. அதுவும் தூசி தானாக இறங்கட்டும் என்று வைத்து எடுத்ததுதான்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டாள்.

தம்பி ஓடி வந்தபோது அவள் அந்த டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் முகம் மாறியது.

"அத எதுக்கு எடுக்குற?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"அக்கா, வேணாம். என் விஷயம்தான் சரியாயிடுச்சே. அத ஏன் கிளறுற? அது போய் எத்தனையோ மாசமாச்சு. ஒரு பர்னர்தான் இருக்கு, ஒரு சீட்டுதான் இருக்கு."

"அந்தச் சீட்டுல இருந்து அவர எழுப்பி விட்டது நான்டா."

"நீ வேணும்னா பண்ணுன? மெஷின் இல்ல, மேனேஜர் சொன்னாரு, நீ செஞ்ச. சும்மா விடேன். என் முதுகப் பத்தி யோசிச்சியா? மறுபடி லோடர்ல ஏறி உக்காரணுமா நான்? சொந்தத் தம்பி சோத்துல மண்ணள்ளிப் போடுவியா?"

"பேசாம இரு," என்றாள். "உன் பேச்சக் கேட்டு நான் இத விட்டுட்டேன்னா, உனக்கு எழுதின ரிப்போர்ட்டும் பொய்யாயிடும். தம்பிக்குன்னா ஒழுங்கா சோதிச்சேன், ஊரானுக்குன்னா ஏனோதானோன்னு சோதிச்சேன்னு ஆயிடும். ஆயிடும் என்ன, அதுதான் நெசம்."

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அவள் விசில் அண்ணனின் தாரைக் கொஞ்சம் எரித்தாள். கிண்ணத்தில் அதே வெளிர்சாம்பல் படிவு. மிச்சத்தைக் கரைத்து, சின்ன இயந்திரத்தில் சுழற்றி, காய்ச்சி மீட்டாள். ஊசி அதிலும் சுகமாகவே இறங்கியது.

இரண்டு முடிவுகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு மேலாளர் முன் நின்றாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழசெல்லாம் எதுக்கும்மா? இப்ப என்ன அவசரம்?"

"சார், நாள் பூரா அவசரம் அவசரம்னு உயிர எடுப்பீங்களே, உங்க வாயில இருந்து இதக் கேக்கத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "அந்த மெஷின் ரெடியாகி அந்தக் கடையில தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. ஒரு மனுஷன் வேலை போச்சு. இந்தத் தாள் மேலிடத்துக்குப் போகலன்னா நானே கொண்டு போறேன்."

"அப்ப ரோடு எதனாலம்மா வெடிச்சுது?"

"அடியில தண்ணி நிக்குது சார். துண்டு துண்டாக் கொண்டாந்து என் மேசைமேல வச்சீங்களே, அதுலயே சேறு இருந்துச்சே. தோண்டிப் பாருங்க."

தோண்டினார்கள். சாலையின் அடியில் ஒரு குழாய் உடைந்து குளமாகக் கிடந்தது. விசில் அண்ணன் சரக்கைப் போட்டு வெடித்த இடமும் அதே பள்ளத்தின் மேல்பக்கம்தான். அதற்குப் பிறகு மேலாளருக்கு வேறு வழியில்லை. விசில் அண்ணனை மறுபடி வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். சொல்கிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஆலைக் காவலாளியைக் கேட்டாள்.

"விசில் அண்ணனா? உங்க தெருமுனை பேக்கரிலதான்க்கா அடுப்புல நிக்கிறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் அப்படியே தெருமுனைக்கு நடந்தாள்.

பேக்கரியின் பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அனல் அடித்தது. விசில் அண்ணன் அடுப்பின் முன்னால் குனிந்து நின்றார். கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். மூச்சு விடுவதற்குள் மறுபடி திறந்தார். சீட்டிச் சத்தம் எதுவும் இல்லை. தட்டை வெளியே இழுத்தார். வெள்ளை வெளேரென்று ரொட்டிகள்.

"யோவ், இன்னும் கொஞ்ச நேரம் உள்ள விட்டாத்தான் என்ன?" என்று முன்பக்கத்திலிருந்து முதலாளி கத்தினார். "வாங்குறவன் எல்லாம் என் மூஞ்சில எறியிறான்யா!"

"கருகிடும் முதலாளி," என்றார் விசில் அண்ணன்.

இத்தனை நாளாக அந்த ரொட்டியைத் திட்டித் திட்டித் தின்றது அவள் நினைவுக்கு வந்தது. கைப்பையிலிருந்து பீங்கான் கிண்ணத்தை எடுத்து மாவு மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது? சாம்பலா?"

"கல்தூசிண்ணே. உங்க தார்ல இருந்தது. நீங்க கருக்கல. தூசிய எடுக்காமலே ஊசிய வச்சுப் பாத்துட்டு, தார் கருகிடுச்சுன்னு எழுதிக் குடுத்தேன். தப்பு என்னோடது. உங்கள வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அவர் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "இல்லம்மா. நான் கருக்கித்தான் இருப்பேன். அன்னைக்கு ஒரு போன் வந்துச்சு. வெளிய போய்ப் பேசிட்டு வந்தேன். அந்த நேரத்துலதான் சூடு ஏறியிருக்கணும். யோசிச்சு யோசிச்சு நானே கண்டுபிடிச்சேன்."

"கருக்கலண்ணே."

"அப்ப அந்த போன்?"

"அது வெறும் போன்."

அவர் முகம் கோணியது. "வீட்ல பொண்ணு கேட்டாம்மா, ஏம்ப்பா உன்ன அனுப்பிட்டாங்கன்னு. அப்பாவுக்கு வேலை தெரியலன்னு நானே சொன்னேன். நானே!" மேசையில் குத்தினார். மாவு பறந்தது. "போங்கம்மா. இதுக்கு மேல இங்க நின்னீங்கன்னா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. போங்க!"

அவள் போனாள். வீட்டில் தம்பி அவளோடு பேசவில்லை. அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாள் காலை அம்மா ரொட்டியை வாங்கி வந்து மேசையில் வைத்தாள். மூவரும் பார்த்தார்கள். ரொட்டி கருகியிருந்தது. லேசாக இல்லை. மேல்புறம் முழுக்கக் கறுப்பு.

"அந்த மனுஷனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சோ," என்றாள் அம்மா. "பேக்கரிக்காரர் கத்திக்கிட்டு இருக்காரு, இவரு காதுலயே வாங்காம சீட்டியடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

அக்கா கத்தியை எடுத்துக் கருகலைச் சுரண்டப் போனாள். தம்பி அதற்குள் ரொட்டியைத் தன் பக்கம் இழுத்து, கருகலோடு ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டான். ரொம்ப நேரம் மென்றான்.

"அவர எப்ப வரச் சொல்லியிருக்காங்க?" என்றான், அவளைப் பார்க்காமலே.

"திங்கக்கிழமை."

"அப்ப அதுக்குள்ள பர்னர் முனையைக் கழட்டிக் கழுவி வச்சுடுறேன். அழுக்கா குடுத்தா திட்டுவாரு." இன்னொரு துண்டைப் பிட்டான். "நல்லா வெந்திருக்கு."